ஏழரை மணிக்கு யோசித்தால் செலவுதான்

2025-இல் தேங்காய் விலை எகிறியதிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சிக்கனக் குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. சட்னியில் தேங்காயைக் குறைத்துப் பொட்டுக்கடலையைக் கூட்டுங்கள், பீர்க்கங்காய்த் தோலைத் தூக்கிப் போடாமல் துவையல் அரையுங்கள், கொத்தமல்லிக் காம்பை ரசத்தில் போடுங்கள். எல்லாம் சரிதான். பீர்க்கங்காய்த் தோல் துவையல் என்றால் நானும் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்கிற ஆள்தான். ஆனால் அந்தத் தோலைச் சீவி, வதக்கி, அரைத்து, மிக்ஸி ஜாரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறவரின் அரை மணி நேரத்தை இந்தக் குறிப்புகள் எதுவும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த நேரம் இலவசம் என்று எல்லோருமே முடிவு செய்துவிட்டோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுச் செலவு பெரும்பாலான வீடுகளில் காய்கறிக் கடையில் கூடுவதில்லை. ராத்திரி ஏழரை மணி ஆகியும் என்ன சமைப்பது என்று முடிவாகாத வீட்டில்தான் கூடுகிறது. பணமும் நேரமும் ஒரே ஓட்டை வழியாகத்தான் போகின்றன.

மத்திய அரசு 2022-23-இல் எடுத்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நகரத்துக் குடும்பங்களின் மாதச் செலவில் காய்கறிக்குப் போவது 4 சதவீதத்துக்கும் கீழே. பானங்கள், பதப்படுத்திய உணவு, வெளிச் சாப்பாடு எல்லாம் சேர்ந்த வகைக்குப் போவது 10 சதவீதத்துக்கும் மேலே. நாமோ கத்தரிக்காய்க் கடையில் அஞ்சு ரூபாய்க்கு மல்லுக்கட்டிவிட்டு, கொசுறாகக் கறிவேப்பிலை வாங்கிய திருப்தியில் வீட்டுக்கு வருகிறோம்.

அந்த ஏழரை மணி எப்படி இருக்கும் என்று வேலைக்குப் போகிற யாரையும் கேட்டுப் பாருங்கள். மதுரைக் காளவாசல் நெரிசலைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்தால் ஃப்ரிட்ஜில் மாவு தீர்ந்திருக்கும். காய் இருக்கும், ஆனால் எந்தக் காயை எதோடு சேர்ப்பது என்று யோசிக்கத் தெம்பு இருக்காது. பிள்ளைகள் பசி என்று நிற்பார்கள். உடனே கை செல்போனுக்குப் போகும். நான்கு பேருக்குச் சாதாரண டிபன், அதற்கு மேல் டெலிவரி, பேக்கிங் என்று ஒவ்வொன்றும் ஏறிக்கொண்டே போய் ஒரு வாரக் காய்கறிக் காசு அந்த ஒரு ராத்திரியில் காலி. அதோடு முடிந்தால் பரவாயில்லை. அன்றைக்கு ஆய்ந்து வைத்த கீரை மறுநாள் அழுகிக் குப்பைக்குப் போகும். அடுத்த நாள் மாமியார், "இவ்வளவு காய் இருந்துமா வெளியில வாங்குனீங்க?" என்று கேட்பார். காய் இருந்தது அத்தை, முடிவுதான் இல்லை.

நம் பாட்டிகள் வீட்டில் இந்தக் கேள்வியே அதிகம் எழுந்ததில்லை. செவ்வாய், வெள்ளி கவிச்சி கிடையாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் மிளகு ரசம். அமாவாசைக்கு வாழைக்காய். ஞாயிறு கறி. இதை நாம் பக்தி, பழக்கம் என்று மட்டும் பார்த்துவிட்டோம். வாரத்தின் பாதி நாட்களுக்கு என்ன உலை வைப்பது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற ஏற்பாடாகவும் அது இருந்தது.

அரசாங்கமும் அப்படித்தான் சமைக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று எங்கள் மதுரையில்தான் தொடங்கியது. தொடங்கியபோது இருந்த அதன் பட்டியலைப் பார்த்தால் திங்கள் உப்புமா வகை, செவ்வாய் கிச்சடி வகை, புதன் பொங்கல், வியாழன் மறுபடியும் உப்புமா, வெள்ளி மறுபடியும் கிச்சடி. அவ்வளவுதான். ஆனால் உப்புமா என்றால் ரவை, சேமியா, அரிசி, கோதுமை ரவை என்று மாற்றிக்கொள்ள முடிந்தது. கட்டமைப்பு ஒன்று, உள்ளே போடுவது வேறு. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் பொழுது விடிவதற்குள் சமைக்க வேண்டியவர்கள், "இன்னிக்கு என்ன பண்ணலாம்?" என்று கன்னத்தில் கை வைத்து உட்கார முடியுமா? நான்கு பேருக்குச் சமைக்கிற நாம் மட்டும் ஏன் தினமும் உட்கார வேண்டும்?

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிற தாளும் அதே மாதிரிதான். திங்கள் சாம்பார், ஒரு பொரியல். செவ்வாய் புளிக்குழம்பு, கூட்டு. புதன் முட்டை. வியாழன் ஏதாவது பயறு: தட்டைப்பயறோ மொச்சையோ கொண்டைக்கடலையோ. வெள்ளி கீரை, ரசம். சனிக்கிழமை கலந்த சாதம். காயின் பெயரைத் தாளில் எழுதவே கூடாது என்பது என் பிடிவாதம். "பொரியல்" என்று மட்டும்தான் இருக்கும். அது பீன்ஸா, புடலங்காயா, முட்டைக்கோஸா என்பதை அன்றைய விலை சொல்லட்டும். பீன்ஸ் என்று எழுதிவிட்டால் கிலோ நூறைத் தாண்டினாலும் வாங்கத் தோன்றும்.

காய் வாங்குவது உழவர் சந்தையில். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் திறந்தது என்பதில் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும், பேரம் கிடையாது, நேரமும் மிச்சம். காலையிலேயே போக வேண்டும் என்பதுதான் சிரமம். அதனால் வாரத்துக்கு ஒரே தடவை, அதுவும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. முதலில் முற்றின வெண்டைக்காயாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். இப்போது நுனியை ஒடித்துப் பார்க்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது சென்னையில் ரேஷன் கடைகளிலேயே 60 ரூபாய்க்கு விற்றார்கள், ஞாபகம் இருக்கும். அந்த நேரத்தில் தக்காளிக்காக வரிசையில் நின்றவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் தக்காளி இல்லாத சமையல் நம்மிடம் எவ்வளவு இருக்கிறது! மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு, எலுமிச்சை ரசம், கொள்ளு ரசம், மிளகுக்குழம்பு. "புளிக்குழம்பு" என்று தாளில் இருக்கிற வீட்டுக்குத் தக்காளி விலை பெரிய அதிர்ச்சி தராது. எல்லாவற்றுக்கும் நாலு தக்காளியை வதக்கித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது ஹோட்டல் கிரேவி நமக்குப் பழக்கிவிட்டது.

அடுத்தது அடுப்பு. 2025 ஏப்ரலில் சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏற்றினார்கள். அதற்கு என்னால் முடிந்த பதில், குக்கரை அடுக்கி வைப்பது. அடியில் ஊறவைத்த துவரம்பருப்பு, மேல் தட்டில் அரிசி, அதற்கும் மேலே ஒரு கிண்ணத்தில் பீட்ரூட்டோ உருளையோ. ஒரே ஆவியில் மூன்றும் வெந்துவிடும். விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். ஆறேழு விசில் ஊரைக் கூட்டுகிற மாதிரி அடிக்கவிடுவது ஆவியையும் காஸையும் காற்றில் விடுகிற வேலை. அது அடங்குகிற நேரத்தில் பக்கத்து அடுப்பில் புளியும் சாம்பார் பொடியும் கொதித்துவிடும். பருப்பின் மேலே நிற்கிற தெளிந்த தண்ணீரைத் தனியே இறுத்து வைத்தால் ரசம் ஆயிற்று. பயறு, கொண்டைக்கடலை மட்டும் முதல் நாள் ராத்திரியே ஊற வேண்டும். அதைத் தாளைப் பார்த்து என் பெரியவன் ஊறப்போடுகிறான். மறந்தால் மறுநாள் அவனுக்குத்தான் தொட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது என்பதால் மறப்பதில்லை.

இப்போது தோசைக்கு வருகிறேன். இதில் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். நம் வீடுகளில் மிக அதிகமாக நேரத்தைத் தின்பது தோசைதான். இட்லி என்றால் நாலு தட்டு, பதினாறு இட்லி, பன்னிரண்டு நிமிஷம், அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரோடும் உட்காரலாம். தோசையை ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற வேண்டும். சின்னவளுக்கு ஏழு மணிக்கு, பெரியவனுக்கு டியூஷன் முடிந்து எட்டரைக்கு, வீட்டுக்காரருக்கு ஒன்பதுக்கு. ஒவ்வொரு தடவையும் கல்லைக் காயவைக்க வேண்டும். முறுகலாக வேண்டும், நெய் வேண்டும், "இன்னும் ஒண்ணு போதும்" என்று சொல்லி மூன்று. கடைசியில் ஊற்றுகிறவர் கரண்டியைக் கீழே வைக்கும்போது மணி பத்து, அவருக்குக் கிடைப்பது ஆறின கடைசித் தோசையும் வழித்த சட்னியும். எங்கள் வீட்டில் இப்போது தோசை என்றால் அவரவர் தோசையை அவரவர் ஊற்ற வேண்டும். என் மகள் ஊற்றுவது இலங்கை வரைபடம் மாதிரி இருக்கும். ருசியில் ஒரு குறையும் இல்லை.

மாவு வீட்டில் அரைப்பதா, கடையில் வாங்குவதா? எங்கள் பக்கத்துக் கணக்கு சொல்கிறேன். ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம் போட்டால் சுமார் மூன்று கிலோ மாவு வரும். அரிசியும் உளுந்தும் சேர்ந்து நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ரேஷன் புழுங்கலரிசியைப் பாதிக்குப் பாதி கலந்தால் இன்னும் குறையும். மூன்று கிலோவும் கடைப் பாக்கெட்டாக வாங்கினால் ஏறக்குறைய இரட்டிப்பு. மிச்சம் நூறு ரூபாய்க்குப் பக்கம். ஆனால் களைந்து, ஊறவைத்து, அரைத்து, கிரைண்டர் கல்லைக் கழுவுவது வரைக்கும் ஒரு மணி நேர வேலை. நாலைந்து பேர் இருக்கிற வீட்டுக்கு இது லாபம்: முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, புளித்த பிறகு வெங்காயம் போட்டு ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம் என்று கடைசிக் கரண்டி வரை தீரும். புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள் என்றால் பாக்கெட் மாவு வாங்குவதில் ஒரு பாவமும் இல்லை. அரைத்த மாவு பாதி புளித்துக் கொட்டப்படுகிற வீட்டில் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. "கடை மாவா?" என்று முகம் சுளிக்கிறவர்களை அடுத்த வாரம் வந்து கிரைண்டர் கழுவித்தரச் சொல்லுங்கள்.

ரீல்ஸில் காட்டுகிற மாதிரி ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதற்குமான காயை நறுக்கி டப்பா டப்பாவாக அடுக்குவது எனக்கு ஒத்துவரவில்லை. வியாழக்கிழமை எடுக்கும்போது அவரைக்காய் தளர்ந்து கிடக்கும். எல்லாவற்றையும் விட, இருக்கிற ஒரே லீவு நாளும் நறுக்குப் பலகையிலேயே போய்விடும். நம் சமையலில் முன்கூட்டிச் செய்து வைக்க வேறு பொருட்கள் இருக்கின்றன. புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, இட்லிப் பொடி, பருப்புப் பொடி. இந்த நான்கும் அலமாரியிலும் ஃப்ரிட்ஜிலுமாக இருந்தால் எந்த ராத்திரியும் சோறு மட்டும் வடித்தால் போதும். பருப்புப் பொடியில் நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து, அப்பளம் பொரித்தால் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறார்கள். ஆர்டர் போட்டு, டெலிவரிக்காரர் தெருவைக் கண்டுபிடித்து வந்து சேருகிற நேரத்துக்குள் இது தயார். எனக்குப் பெரிய பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது இந்தப் பருப்புப் பொடி டப்பாதான்.

ரேஷனில் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பும் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயிலும் கிடைப்பதை வாங்க வெட்கப்படுகிற நடுத்தரக் குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தப் பருப்பு சாம்பாருக்கு நன்றாகவே குழைகிறது. வெட்கத்துக்கு மாதம் நூறு, நூற்றைம்பது கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கலாம்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் நாளுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்! அம்மாவுக்கு இன்னும் இருபது குறிப்பு அனுப்பி அந்த ஐந்து மணியைக் குறைக்க முடியாது. சின்ன வெங்காயத்தை டிவி பார்த்துக்கொண்டே யார் வேண்டுமானாலும் உரிக்கலாம். தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்தால் தோலும் வழுக்கிக்கொண்டு வரும், கண்ணும் அவ்வளவாக எரியாது. மாமனாருக்கு எழுபது வயதுக்கு மேல். பூண்டு உரிப்பதும் கீரை ஆய்வதும் அவர் இலாகா. யாரும் கேட்கவில்லை, பேப்பர் படித்து முடித்ததும் தானாகவே முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு உப்பு குறைவாக வேண்டும் என்பதற்காகத் தனிக் குழம்பு வைப்பதை நிறுத்திவிட்டோம். எல்லோருக்குமே உப்பு குறைவு, வேண்டுமென்றால் தட்டில் போட்டுக்கொள்ளலாம்.

சில இடங்களில் கையைச் சுருக்குவதில்லை. செக்கு நல்லெண்ணெய், பிள்ளைகளுக்குப் பழம், ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ குறைந்தாலும் நல்ல ஆட்டுக்கறி. ஞாயிறு ராத்திரி எங்கள் வீட்டில் அடுப்பு கிடையாது. தெருமுனைக் கடையில் பரோட்டா, தூக்குவாளியில் சால்னா. அந்தக் காசை மாதம் பிறக்கும்போதே மளிகைச் சீட்டில் பாலுக்கு அடுத்த வரியில் எழுதிவிடுகிறோம்.