ஒரே ஊர், நாலு ரப்பர் ஸ்டாம்ப்

அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டு 2025 ஜூலையோடு கதவைச் சாத்திய பிறகு நண்பர்கள் பக்கங்களில் இரண்டு குரல்கள்தான் மாறி மாறிக் கேட்கின்றன. "நல்லதாப் போச்சு, வெளிநாட்டுப் பணம் நமக்கெதுக்கு" என்பது ஒன்று. "ஆப்பிரிக்காவில் மாத்திரை இல்லாமல் சாகிறார்களே" என்பது இன்னொன்று. நான் இரண்டாவது பக்கம்தான். ஆனால் பணம் வந்துகொண்டிருந்த காலத்தில் அது எந்த வழியாக வந்தது, யார் சொல்படி வந்தது என்பதைப் பற்றி இரண்டு தரப்புமே பேசவில்லை. குடியாத்தம் பக்கம் தொண்டு நிறுவனங்களில் கணக்கு எழுதியே வயதாகிவிட்ட ஒருத்தி என்ற முறையில் அதைப் பற்றித்தான், பணம் கொடுப்பவர்கள் ஒருங்கிணையாமல் தனித்தனியாக வந்தால் ஊரில் என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். கொஞ்சம் நீளும்.

வேலூர்க்காரர்களுக்கு உதவிப் பணம் தூரத்து விஷயம் கிடையாது. கரிகிரி தொழுநோய் மருத்துவமனை 1955-ல் தொடங்கியதே வெளிநாட்டுத் தொழுநோய்ச் சங்கங்களின் துணையோடுதான். 1984-லிருந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியில் தமிழ்நாட்டு ஏரிகளைச் சீரமைத்தார்கள். 1997-ல் ஜப்பான் கடனில் காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. 2007-ல் உலக வங்கிக் கடனில் பாசன நவீனமயமாக்கல் வந்தது. நடுவில் எய்ட்ஸ் தடுப்புக்கு அமெரிக்கப் பணம், அப்புறம் கேட்ஸ் அறக்கட்டளைப் பணம். இதில் கடன் எது, மானியம் எது என்பது டெல்லிக்கும் சென்னைக்கும் முக்கியம். ஊரில் இருக்கிறவர்களுக்கு எல்லாமே "பிராஜெக்ட்"தான்.

ஒவ்வொரு பிராஜெக்ட்டும் ஊருக்குள் வரும்போது ஒரு கமிட்டியைக் கூடவே கொண்டுவந்தது. காட்டுக்குக் கிராம வனக் குழு, ஏரிக்கு நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், பள்ளிக்கூடத்துக்குக் கிராமக் கல்விக் குழு, கடனுக்கு மகளிர் சுய உதவிக் குழு. பேரணாம்பட்டு சாலையில் ஒரு சின்ன ஊர். அங்கே ஓரளவு படித்து, தைரியமாகப் பேசக்கூடிய அக்கா ஒருவர் இருந்தார். அவர்தான் எல்லாக் குழுவிலும் தலைவி, இல்லாவிட்டால் பொருளாளர். வேறு யாரும் முன்வரவில்லை. ஒரு மஞ்சப்பைக்குள் நாலு ரப்பர் ஸ்டாம்ப், நாலு பாஸ்புக், நாலு தீர்மான நோட்டு. ஒருநாள் பையை என் முன்னால் கவிழ்த்துவிட்டு, "எந்த நோட்டுல எந்த சீல் குத்தணும்னு நீயே சொல்லும்மா, மாத்திக் குத்திட்டா பணம் நின்னுடுமாம்" என்றார். அன்றைக்கு அவர் பீடி சுற்றப் போகவில்லை. கூலி போயிற்று. அந்தக் கூலியை எந்த நன்கொடையாளரின் பட்ஜெட்டிலும் எழுத இடம் இல்லை.

இனி என் மேஜைக்கு வருகிறேன். ஜெர்மன் அமைப்புகளுக்குக் கணக்கு ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அமெரிக்க அரசுப் பணம் என்றால் அக்டோபரில் தொடங்கி செப்டம்பரில் முடியும். நம் ஊர்ச் சட்டப்படி ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஆக ஒரு நிறுவனம் வருஷத்துக்கு மூன்று முறை புத்தகத்தை மூட வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே ஜீப். அது காலையில் கிளம்பி ஒரே சுற்றில் காசநோய் நோயாளி ஒருவரைப் பார்க்கும், மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போகும், திரும்பும் வழியில் எய்ட்ஸ் விழிப்புணர்வு நோட்டீஸ் இறக்கும். ஓட்டுநர் மூன்று லாக் புத்தகம் எழுதுவார். டீசல் பில்லை நான் கிலோமீட்டர் கணக்கில் மூன்றாகப் பிரிப்பேன். தணிக்கைக்கு வரும் மூன்று பேரும் மற்ற இரண்டு புத்தகங்களைப் பார்க்க மாட்டார்கள். களப்பணியாளர்கள் தங்கள் நேரத்தையும் இதே மாதிரி பிரித்து எழுத வேண்டும். மாசக் கடைசி வாரம் முழுக்க இதற்கே போய்விடும். அந்த வாரத்தில் நோயாளி வீட்டுக்குப் போக யாருக்கு நேரம்?

நன்கொடையாளர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கும் மேலே ஆள் இருக்கிறது. வரிப் பணத்தைக் கொடுத்த நாடாளுமன்றம் கேட்கும், "எங்கள் காசில் எத்தனை கிணறு வெட்டினீர்கள்" என்று. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர்ப் பலகை வேண்டும், தனி அறிக்கை வேண்டும். எனக்கு அது புரிகிறது. ஆனால் அத்தனை பேரும் தனித்தனியாகக் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதும் வேலை கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

உலக அளவில் இது எல்லோருக்கும் தெரிந்த வியாதிதான். உதவி கொடுக்கும் நாடுகளும் பெறும் நாடுகளும் 2003-ல் ரோமில் கூடிப் பேசினார்கள். 2005-ல் பாரீஸ் பிரகடனம் கையெழுத்தானது. உதவி பெறும் நாடு தானே திட்டம் போட வேண்டும், கொடுப்பவர்கள் அந்தத் திட்டத்துக்குள் வர வேண்டும், தங்களுக்குள் முறைகளை ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும், விளைவைப் பார்க்க வேண்டும், இருவரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்ல வேண்டும் என்று ஐந்து கொள்கைகள். ஆய்வுக் குழுக்களின் பயணங்களில் 40 சதவீதமாவது கூட்டுப் பயணமாக இருக்க வேண்டும் என்றுகூட இலக்கு வைத்தார்கள். 2010-க்குள் எட்ட வேண்டிய இலக்குகள் மொத்தம் 13. உலக அளவில் எட்டியது ஒன்றே ஒன்று. அப்புறம் அக்ராவில் 2008-லும் பூசானில் 2011-லும் கூடினார்கள். பிரகடனத்தின் வார்த்தைகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கையெழுத்துப் போட்டவர்களின் கணக்கு ஆண்டு மாறவில்லையே!

தான்சானியா செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வரவு செலவுத் திட்டம் தயாராகும் மாதங்களில், ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, ஆய்வுக் குழுக்கள் வர வேண்டாம், எங்கள் அதிகாரிகளை வேலை செய்ய விடுங்கள் என்று நன்கொடையாளர்களிடம் கேட்டு 'அமைதிக் காலம்' என்று ஒன்றை வைத்துக்கொண்டது. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே தெருவில் இருக்கும், சுற்றுக் கிராமமெல்லாம் டவுனுக்கு வந்துவிடும். ஒரு வருஷம் அதே வாரத்தில் ஆய்வுக் குழு வந்து நின்றது. பெண்களைச் சந்தித்தே ஆக வேண்டும் என்றார்கள். விசா தேதி, விமான டிக்கெட், எதையும் மாற்ற முடியாதாம். திருவிழாவை விட்டுவிட்டு வந்து பாய் விரித்து உட்கார்ந்த பெண்களைப் பார்த்தபோது எனக்கு அப்படியொரு கோபம். அன்றைக்கு "இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லும் உரிமை எங்கள் யாருக்குமே இல்லை. ஒருங்கிணைப்பு என்பதே அந்த உரிமையில்தான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன். நன்கொடையாளர்கள் தங்களுக்குள் எத்தனை முறை கூடினாலும், பெறுகிறவர் "இந்த வழியாக வா" என்று சொல்ல முடியாவிட்டால் ஒன்றும் ஒன்றாகாது.

சரி, எங்கேயாவது ஒழுங்காக நடந்திருக்கிறதா? நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது. தொழுநோயைத்தான் சொல்கிறேன். ஒருகாலத்தில் நாட்டிலேயே தொழுநோய் மிக அதிகமாக இருந்த மாவட்டங்களில் வட ஆற்காடும் ஒன்று. தொழுநோய்க்குப் பணம் திரட்டிய ஐரோப்பியச் சங்கங்கள் 1966-ல் பெர்ன் நகரில் கூடி ஒரு கூட்டமைப்பு அமைத்தன. இன்றைக்கு ஐலெப் என்று சொல்கிறோமே, அதுதான். அவர்கள் வைத்துக்கொண்ட நடைமுறை ரொம்ப எளிமையானது. ஒரு மருத்துவமனைக்கு நாலு சங்கம் பணம் கொடுத்தாலும், அந்த நாலில் ஒன்றுதான் ஒருங்கிணைப்பாளர். மருத்துவமனை அந்த ஒரு சங்கத்தோடு பேசினால் போதும். ஒரே பட்ஜெட், ஒரே ஆண்டறிக்கை. மற்ற மூன்றும் அதையே படித்துக்கொள்ளும். பாரீஸில் அரசாங்கங்கள் கையெழுத்துப் போடுவதற்கு ஏறக்குறைய நாற்பது வருஷம் முன்னால் இதைச் செய்தவர்கள், ஊர் ஊராக உண்டியல் குலுக்கிப் பணம் சேர்த்த சங்கங்கள்!

அடுத்தது மருந்து. அதுவரை டாப்சோன் ஒன்றை மட்டும் வருஷக்கணக்கில் விழுங்க வேண்டியிருந்தது. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. யார் பணத்தில் வாங்கினாலும் அதே மாத்திரை அட்டை, அதே மாத அளவு, அதே மாதிரி பதிவேடு. 1995-லிருந்து சில வருஷம் ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளையும் 2000-லிருந்து நோவார்ட்டிஸும் மருந்தை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தன. பணம் கொடுத்த கை மாறியது நோயாளிக்குத் தெரியவே தெரியாது. இந்தியாவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை 2005 டிசம்பரில் எட்டினோம். நோய் ஒழிந்துவிடவில்லை, இன்னும் புது நோயாளிகள் வருகிறார்கள். ஆனாலும் ஊர் ஊராக சைக்கிளில் போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்லித் தோலைப் பார்த்த அந்தக் களப்பணியாளர்கள், எந்தச் சங்கத்தின் சம்பளத்தில் இருந்தாலும், எழுதியது ஒரே மாதிரி பதிவேட்டில்தான். நோய் இந்த அளவுக்குக் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1980-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சிஎம்சியின் டாக்டர் ஜேக்கப் ஜான் வட ஆற்காட்டில் தொடங்கிய நோய்க் கண்காணிப்பு. அரசு டாக்டர், தனியார் டாக்டர், மிஷன் ஆஸ்பத்திரி என்ற வித்தியாசமில்லாமல் எல்லோரும் ஒரே அச்சடித்த போஸ்ட் கார்டில் நோயைக் குறித்துத் தபாலில் போட்டார்கள். அனுப்பியவர்களுக்கு மாதா மாதம் ஒரு செய்தி மடல் திரும்பி வந்தது. தகவல் கொடுத்தவனுக்கு அதே தகவல் பயன்படும்படி திரும்பி வர வேண்டும் என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். நான் எழுதி அனுப்பிய அத்தனை காலாண்டறிக்கைகளில் எதற்கும் அப்படி ஒரு பதில் வந்ததில்லை.

எய்ட்ஸில் இந்தப் பாடத்தைத் தாமதமாகக் கற்றார்கள். 2004-ல் ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு 'மூன்று ஒன்று' என்று சொன்னது. ஒரு நாட்டுக்கு ஒரே செயல்திட்டம், ஒரே தலைமை அமைப்பு, ஒரே கண்காணிப்பு முறை. அதற்கு முந்தைய வருஷங்களில் நெடுஞ்சாலை ஓரம் எய்ட்ஸ் தடுப்பு வேலை செய்தவர்களைக் கேளுங்கள், ஒரே பெண்ணுக்கு இரண்டு திட்டத்தில் இரண்டு பதிவு எண் இருந்த கதையைச் சொல்வார்கள்.

ஆனால் தொழுநோயும் எய்ட்ஸும் ஒரு துறைக்குள் அடங்குகிறவை. துறை தாண்டி வேலை என்றால்தான் உண்மையான சிக்கல். உலக வங்கியின் பாசனத் திட்டத்தில் ஏரி மதகைச் சரிசெய்யும் துறை, வேளாண்மை, தோட்டக்கலை, வேளாண் பொறியியல், வேளாண் விற்பனை, கால்நடை, மீன்வளம், வேளாண் பல்கலைக்கழகம் என்று எட்டு தரப்பையும் ஒரே ஆற்றுப் படுகைக்குள் சேர்த்து வைத்தார்கள். யோசனை சரியானது. ஏரியில் தண்ணீர் நின்றால் மீனும் உண்டு, மாட்டுக்குத் தீவனமும் உண்டு. ஆனால் ஒவ்வொரு துறையின் அதிகாரியும் தன் மேலதிகாரிக்குத்தான் பதில் சொல்கிறார், ஏரிக்குப் பதில் சொல்கிறவர் யாரும் இல்லை.

பாலாற்றைப் பாருங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இன்றும் சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கை வைத்துத்தான் சொல்லித்தருகிறார்கள். அதே காலத்தில் ஐ.நா. தொழில் வளர்ச்சி நிறுவனம் ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவுநீர் சுத்திகரிப்புக்குத் தொழில்நுட்ப உதவி செய்தது. நல்ல உதவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது தொழில் துறைப் பணம். கிணற்றுத் தண்ணீர் உப்பானதால் பயிர் போனது வேளாண்மைத் துறையின் விஷயம். குடிநீர் வாரியம் வேறு. தோல் ஷாப்பில் வேலை செய்பவரின் கை வெடிப்பும் மூச்சுத் திணறலும் சுகாதாரத் துறை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இந்த நாலும் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. நாலையும் ஒரே திட்டமாகப் பார்த்த நன்கொடையாளர் ஒருவரைக்கூட என் அனுபவத்தில் நான் பார்க்கவில்லை. கே.வி.குப்பம் ஒன்றியத்தில் சிஎம்சியின் கிராமச் சுகாதார, சமூகப் பணிப் பிரிவான ரூசா 1977-லிருந்து மருத்துவத்தோடு விவசாயம், தொழில் பயிற்சி, சமூக வேலை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் செய்து காட்டியது. ஒரே ஒன்றியம், அங்கேயே தங்கிவிட்ட ஆட்கள். அதனால் முடிந்தது.

"இந்த வழியாக வா" என்று சொன்ன நாடுகளும் உண்டு. 2003-ல் இந்தியா, ஆறு தரப்பைத் தவிர மற்ற நாடுகளிடமிருந்து நேரடி அரசு உதவி வேண்டாம், கொடுக்க விரும்பினால் தொண்டு நிறுவனங்கள் வழியாகக் கொடுங்கள் என்றது. அதில் கௌரவமும் கலந்திருந்தது, சின்னச் சின்னத் திட்டங்களை மேய்க்கும் செலவும் ஒரு காரணம். அடுத்த வருஷமே கொஞ்சம் தளர்த்தினார்கள். ருவாண்டா 2010-ல், ஒரு நன்கொடையாளருக்கு அதிகபட்சம் மூன்று துறைதான் என்று பிரித்துக் கொடுத்தது. ருவாண்டா அரசின் மற்ற செயல்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. இந்த ஒன்றில் சரியாகச் செய்தார்கள்.

நம் நாட்டில் இப்போது நடப்பது எனக்கு வருத்தம் தருகிறது. 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, ஒரு நிறுவனம் பெற்ற பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கவே கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்ததை 20 ஆகக் குறைத்தார்கள். முறைகேடு செய்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெரிய நிறுவனம் பணத்தை வாங்கி, கணக்கையும் தணிக்கையையும் தானே பார்த்துக்கொண்டு, ஐந்து சின்ன அமைப்புகளை ஊருக்குள் வேலை செய்யவிட்ட முறை ஒன்று இருந்தது. ஒருங்கிணைப்புக்கு இருந்த அந்த வழியே இப்போது அடைபட்டுவிட்டது. மலையடிவாரத்தில் இரண்டு பேர் வைத்து நடந்த அமைப்புகள் பல மூடிவிட்டன.

அந்த இடத்தில் இப்போது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வந்து நிற்கிறது. 2013 கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம். பழைய கதை புதிதாகத் தொடங்குகிறது. சாலையோரப் பள்ளிக்கு மூன்று கம்பெனி வர்ணம் அடிக்கிறது, உள்ளே தள்ளி இருக்கும் பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஊராட்சிக்குக் கிராம வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று வருஷா வருஷம் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. வெளிநாட்டு அமைப்போ, உலக வங்கியோ, கம்பெனியோ, யாராக இருந்தாலும் அந்த ஊரில் எவ்வளவு, எதற்கு, எந்த மாதம் வரை என்பதைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். திட்டத்தில் இல்லாத வேலைக்கு "வேண்டாம்" என்று தீர்மானம் போட சபைக்கு அதிகாரம் வேண்டும். தனியாக ஒரு கமிட்டி, தனியாக ஒரு சீல் கூடாது. கலெக்டர் அலுவலகத்தில் இந்தப் பட்டியல் ஒரே இடத்தில் பொதுவில் இருக்க வேண்டும். 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் அலைய வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊராட்சியில் அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறோம். வாசகம் எழுதி வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். வேறு ஊராட்சிக்காரர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். மாற்ற வேண்டியது இருந்தால் சபைக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.