மணல்மேட்டில் செல்ஃபி ஊர்வலம்

சின்னக் குழு, எல்லாரும் விவரமானவர்கள் என்று சொல்லித்தான் இந்தப் புகைப்படப் பயிலரங்கில் சேர்த்தார்கள். ராஜஸ்தானில் ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, சாம் மணல்மேடு. விடியலில் வெயில் சாய்வாக விழும் கொஞ்ச நேரம்தான் மணலில் வரிவரியாக நிழல் நிற்கும். வெயில் ஏறிவிட்டால் எல்லாம் தட்டை. அதற்காகத்தானே இருட்டில் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு வந்தோம்? காற்று ராத்திரியெல்லாம் துடைத்துவைத்த மேட்டில் ஒருத்தர் நேராக உச்சிக்கு நடக்கிறார். எதற்கு? செல்ஃபிக்கு! பின்னாலேயே இன்னொருத்தர், "ஒரே நிமிஷம் சார்." அந்த நிமிஷம் முடிவதற்குள் சூரியன் உச்சிக்கு வந்துவிடும். கால்தடத்தை அப்புறம் கணினியில் அழித்துக்கொள்ளலாமாம். அப்படியென்றால் பாலைவனத்தையே கணினியில் வரைந்துகொள்ளலாமே, வாயெல்லாம் மணல் எதற்கு? இதில் முதலில் ஏறியவர் மூச்சிரைக்க இறங்கி வந்து கேட்கிறார்: "லென்ஸ் மாத்தணும், பையைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?" லென்ஸ் மாற்றவா? இந்த மணல்காற்றிலா? கேமராவுக்குள் மணல் போகாதா?