பிரவுன்ஸுக்கு இன்னொரு குவாட்டர்பேக் வேண்டாம், முதலில் ஐந்து பேர் வேண்டும்

2025 பருவம் முடிந்த மறுநாளே பிரவுன்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் கெவின் ஸ்டெஃபான்ஸ்கியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2024இல் 3 வெற்றி, 14 தோல்வி. 2025இல் 5 வெற்றி, 12 தோல்வி. இந்தக் கணக்குக்கு எந்தப் பயிற்சியாளர் வேலையும் போகத்தான் செய்யும். ஆனால் இதே மனிதர்தான் 2020, 2023 என்று இரண்டு முறை அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லின் சிறந்த பயிற்சியாளர் விருதை வாங்கியவர். 1999இல் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் மறுபடி களத்துக்கு வந்த நாளிலிருந்து பிளேஆஃப் பார்த்த பருவங்கள் மூன்றே மூன்று: 2002, 2020, 2023. அவற்றில் இரண்டு இவர் காலத்தவை. இப்போது அவர் இடத்துக்கு டாட் மாங்கன் வந்திருக்கிறார். ஆள் மாறிவிட்டது, இனி எல்லாம் சரியாகும் என்று எழுதுகிறவர்களுக்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

இந்த அணியைப் படுக்கவைத்தது பயிற்சியாளர் அல்ல என்பது என் உறுதியான கருத்து. எப்படியாவது ஒரு குவாட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரை, பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் படுக்கவைத்தது. அந்த அவசரத்தில், அவருக்கு முன்னால் நின்று காக்க வேண்டிய ஐந்து பேரை வாங்கவும் வளர்க்கவும் வேண்டிய காசும் போயிற்று, கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இருந்த இடங்களும் போயின.

2022 மார்ச்சில் ஹூஸ்டன் டெக்சன்ஸிடமிருந்து டெஷான் வாட்சன் என்ற குவாட்டர்பேக்கை வாங்கினார்கள். விலை: 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று டிராஃப்ட் இடங்கள், கூடவே ஒரு மூன்றாம் சுற்றும் நான்காம் சுற்றுகளும். வந்தவருக்கு 5 ஆண்டுகளுக்கு 23 கோடி டாலர், அதில் ஒவ்வொரு டாலரும் உத்தரவாதம். காயம் பட்டாலும் சரி, ஆடாவிட்டாலும் சரி, கொடுத்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் மசாஜ் தெரபிஸ்டுகளான இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மீது பாலியல் அத்துமீறல் வழக்குகள் தொடுத்திருந்தார்கள். டெக்சாஸின் கிராண்ட் ஜூரிகள் குற்றவியல் வழக்குப் பதிய மறுத்தன, சிவில் வழக்குகள் பெரும்பாலும் சமரசத்தில் முடிந்தன. லீக் 11 ஆட்டங்கள் தடையும் 50 லட்சம் டாலர் அபராதமும் போட்டது. ஒப்பந்தத்தில் முதலாண்டுச் சம்பளம் 10 லட்சத்து 35 ஆயிரம் டாலர் மட்டும் என்று எழுதியிருந்ததால், தடைக்காலத்தில் அவர் இழந்த சம்பளம் ஏறத்தாழ 6 லட்சத்து 32 ஆயிரம் டாலர்தான். பல பிரவுன்ஸ் ரசிகர்கள், குறிப்பாகப் பெண் ரசிகர்கள், அவரை வாங்கிய மாதத்தோடு இந்த அணியைப் பார்ப்பதை நிறுத்தினார்கள். அவர்கள் செய்தது நியாயம்.

களத்துக் கணக்கை மட்டும் எடுத்தாலும் இந்த வியாபாரம் தேறாது. வாட்சன் ஆடியது 2022இல் 6 ஆட்டம், 2023இல் 6, 2024இல் 7, 2025இல் ஒன்றுகூட இல்லை. 68 ஆட்டங்களில் 19. முதலில் தோள் எலும்பில் முறிவு. பிறகு 2024 அக்டோபரில் அக்கிலீஸ் தசைநார் அறுந்தது, ஆறிக்கொண்டிருந்தபோதே மறுபடி அறுந்தது.

முதல் சுற்று டிராஃப்ட் இடம் என்றால் என்னவென்று புரிந்தால்தான் இந்த இழப்பின் அளவு தெரியும். அந்தச் சுற்றில் எடுக்கும் இளைஞருக்கு நான்கு ஆண்டுச் சம்பளம் முன்பே வரையறுத்தது. ஐந்தாம் ஆண்டையும் அணி நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம். குவாட்டர்பேக்கைக் காக்கும் ஐவரில் ஓரத்தில் நிற்கும் நல்ல டேக்கிள் ஒருவர் கிடைத்துவிட்டால், சந்தையில் அவர் பெறும் தொகையில் சிறு பங்கைக் கொடுத்து நான்கைந்து வருடம் வைத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் காசில் இன்னும் இருவரை வாங்கலாம். அது விதைநெல். மூன்று வருட விதைநெல்லை ஒரே விருந்தில் பொங்கித் தின்றுவிட்டார்கள். அதில் 2023இன் 12ஆவது இடத்தை வைத்துத்தான் ஹூஸ்டன் 3ஆவது இடத்துக்கு ஏறிப் போய் வில் ஆண்டர்சனை எடுத்தது. 2024 ஜனவரியில் பிளேஆஃபில் பிரவுன்ஸை 45–14 என்று வீழ்த்தியதும் அதே ஹூஸ்டன்தான், அந்த ஆண்டர்சனோடு.

இனி காசு. இதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நோய் இருக்கிறது. ஐ.பி.எல்.லில் ஒரு வீரருக்குக் கொடுப்பது அந்தந்த வருடப் பையிலிருந்தே போகும். என்.எஃப்.எல்.லில் அப்படி இல்லை. எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு, அதைச் சாலரி கேப் என்கிறார்கள். 2022இல் அது 20.82 கோடி டாலர், 2025இல் 27.92 கோடி. 53 பேரும் அதற்குள் அடங்க வேண்டும். ஆனால் சம்பளத்தை போனஸ் என்று பெயர் மாற்றிக் கொடுத்தால், ரொக்கம் இன்றைக்கே வீரர் கைக்குப் போகும், கேப் கணக்கில் மட்டும் அதை அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் அத்தனை ஆண்டுகள் மீதி இல்லையா? அவர் ஆடவே போகாத வெற்று ஆண்டுகளைக் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம்.

பிரவுன்ஸ் இதை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். வாட்சனின் முதல் போனஸ் 4 கோடியே 49 லட்சத்து 65 ஆயிரம் டாலர். ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 90 லட்சம். 2023இலிருந்து சம்பளம் 4.6 கோடி என்பதால், தொடாமல் விட்டிருந்தால் ஒவ்வொரு வருடமும் கேப்பில் சுமார் 5.5 கோடி எழுதி, 2026இல் கணக்கை முடித்திருக்கலாம். கனமான சுமை, ஆனால் அளவு தெரிந்த சுமை. 2023இல் அந்தச் சம்பளத்தில் 4.49 கோடியைப் போனஸாக மாற்றினார்கள். அந்த வருடச் செலவு 1.9 கோடிக்கு இறங்கியது, அடுத்த மூன்று வருடங்களும் தலா 6.4 கோடி ஆயின. 2024இலும் அதையே செய்தார்கள், மீதி இரண்டு வருடங்களும் 7.29 கோடி ஆயின. 2025இல் மூன்றாம் முறை. 2026க்கான எண் 8 கோடியைத் தாண்டிவிட்டது. ஒரே ஒருவர், அதுவும் ஓர் ஆட்டம்கூட ஆடாத வருடத்துக்கு அடுத்த வருடத்தில், மொத்தப் பையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல். அதையும் தள்ளிப்போட்டால் பாக்கி 2027இல் வந்து நிற்கும், அப்போது அவர் பெயர் அணிப் பட்டியலில்கூட இருக்காது. செத்த காசு என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

கேப் ஆண்டுதோறும் ஏறுகிறது, நாளைய டாலரின் கனம் குறைவு, ஆகவே தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. பிலடெல்பியா ஈகிள்ஸ் அப்படித்தான் நடத்துகிறார்கள், ஜெயிக்கவும் செய்கிறார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் கடன் வாங்குவது ஆடிக்கொண்டிருக்கும் வீரர்கள்மேல், கையில் டிராஃப்ட் இடங்களையும் வைத்துக்கொண்டு. பிரவுன்ஸ் கடன் வாங்கியது படுத்திருப்பவர்மேல், டிராஃப்ட் இடங்களை விற்ற பிறகு.

இந்தக் காசும் இடங்களும் போனதன் விளைவை ஆஃபென்சிவ் லைனில், அதாவது அந்தக் காவல் ஐவரில், பார்க்கலாம். 2020இல் ஜெட்ரிக் வில்ஸ், ஜோயல் பிடோனியோ, ஜே.சி. டிரெட்டர், வயாட் டெல்லர், ஜாக் காங்க்லின் ஐந்து பேரும் பில் கேலஹன் என்ற லைன் பயிற்சியாளரின் கீழ் ஒரே உடம்பு மாதிரி நகர்ந்தார்கள். அந்த வருடம் 11 வெற்றி, 5 தோல்வி. பிளேஆஃபில் பிட்ஸ்பர்க் மண்ணில் 48–37 என்று வெற்றி. குவாட்டர்பேக் யார்? இதே நிர்வாகம் பிறகு கரோலினாவுக்கு அனுப்பி வைத்த பேக்கர் மேஃபீல்டு. 2025 பருவத்தின் முதல் ஆட்டத்தில் இறங்கிய ஐவரில் நால்வர் முப்பதைத் தொட்டவர்கள்: பிடோனியோ, காங்க்லின், டெல்லர், ஈத்தன் போசிக். ஐந்தாமவர் டவாண்ட் ஜோன்ஸ், 2023இல் நான்காம் சுற்றில் எடுத்தவர், அவருடைய மூன்று பருவங்களும் காயத்தில் பாதியில் முடிந்தன. இடையில் லைன் பயிற்சியாளரும் வருடத்துக்கு ஒருவர். 2023இல் கேலஹன், 2024இல் ஆண்டி டிக்கர்சன், 2025இல் மைக் புளூம்கிரன்.

லைன் கெட்டால் என்ன நடக்கிறது என்று ஒரு ஆட்டத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் தெரியும். பந்து பின்னால் வந்ததும் குவாட்டர்பேக் தன் முதல் ஆளைப் பார்த்து, அவர் அடைபட்டிருந்தால் இரண்டாம் ஆளைப் பார்க்க இரண்டரை நொடியாவது வேண்டும். ஓரத்திலிருந்து பாய்கிற ஆளுக்கும் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் வேண்டும். நடுவில் நிற்பவர் இடது டேக்கிள். வெளிக்காலை முதலில் பின்வைத்துச் சறுக்கிப் பின்வாங்க வேண்டும். அந்த முதல் அடி தாமதித்தால் எதிராளி வெளிப்பக்கமாக வளைந்து போய்விடுவார். பயந்து அகலமாக வைத்தால் உள்பக்கம் வழி திறக்கும். அங்கே நம்பிக்கை இல்லாத ஆளை நிறுத்தினால் பந்து வாங்க ஓட வேண்டிய டைட் எண்டை, பாய்கிற ஆளை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகச் சொல்வார் பயிற்சியாளர், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கையும் உள்ளே காவலுக்கு நிறுத்துவார். ஐந்து பேர் பந்து வாங்க ஓட வேண்டிய இடத்தில் மூன்று பேர் ஓடுவார்கள். அவர்களை ஏழு பேர் காவல் காப்பார்கள். யாரும் காலியாக நிற்க மாட்டார்கள். குவாட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு தவிப்பார், நமக்கு அவர் முடிவெடுக்கத் தெரியாதவராகத் தெரிவார்.

அடுத்தது எதிரணி போடும் குறுக்கு ஓட்டம். உள்ளே நிற்பவர் வெளியே, வெளியே நிற்பவர் உள்ளே என்று இடம் மாறிப் பாய்வார்கள். டேக்கிளும் அவருக்கு உள்பக்கம் நிற்கும் கார்டும் பேச நேரமில்லாமல், தோள்பட்டை உரசலிலேயே புரிந்துகொண்டு ஆளைக் கைமாற்ற வேண்டும். இது தனித்திறமையால் வருவதில்லை, பக்கத்தில் பக்கத்தில் நின்று மாதக்கணக்கில் ஆடி வருவது. வாரம் ஒரு கூட்டணி என்றால் ஒவ்வொரு குறுக்கு ஓட்டத்திலும் ஒருவர் தடுப்பாரின்றி உள்ளே வருவார். 2024இல் பிரவுன்ஸ் குவாட்டர்பேக்குகள் 66 முறை பந்தோடு தரையில் விழுந்தார்கள். அந்தப் பருவத்தில் அணி எடுத்தது 258 புள்ளிகள், ஆட்டத்துக்கு 15 சொச்சம். லீக்கிலேயே கடைசி.

அப்படிப்பட்ட லைனுக்குப் பின்னால்தான் 2025இல் ஜோ ஃபிளாக்கோ, டில்லன் கேப்ரியல், ஷெடோர் சாண்டர்ஸ் என்று மூன்று பேரை மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். சாண்டர்ஸ் பற்றி இரண்டு பக்கமும் கத்துகிறார்கள், எனக்கு இரண்டுமே ஏற்பில்லை. நவம்பரில் பால்டிமோருக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் இறங்கி 16 முறை எறிந்ததில் 4தான் சேர்ந்தது, எதிரணி பிடித்துக்கொண்ட ஓர் இன்டர்செப்ஷன் வேறு. அடுத்த வாரம் ஒரு முழுவாரப் பயிற்சிக்குப் பிறகு லாஸ் வேகாஸில் 24–10 என்று ஜெயித்தார். இடையில் அவர் திடீரென்று நல்லவராக மாறிவிடவில்லை. என்.எஃப்.எல். வாரத்தில் முதல் அணியோடு பயிற்சி எடுக்கும் வாய்ப்பு ஏறக்குறைய முழுவதும் தொடங்கும் குவாட்டர்பேக்குக்கே போகும். மாற்று ஆளுக்கு, நடுவில் நின்று பந்தைப் பின்னால் தரும் சென்டரின் பந்து வரும் வேகம்கூடப் பழகியிருக்காது. பயிற்சி முகாமில் நான்கு குவாட்டர்பேக்குகளை வைத்துக்கொண்டு அந்த வாய்ப்பை நாலாகப் பங்குபோட்டதுதான் தவறு. நாலு பேருக்கும் அரைகுறை.

டிஃபென்ஸ் பக்கம் பார்த்தால் மனசு ஆறவில்லை. மைல்ஸ் கேரட் 2025இல் 23 சாக், அதாவது எதிரணி குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தியது. மைக்கேல் ஸ்ட்ரேஹனும் டி.ஜே. வாட்டும் வைத்திருந்த 22.5 என்ற சாதனையைக் கடைசி ஆட்டத்தில் சின்சினாட்டியில் உடைத்தார். அப்படி ஒருவர் உயிரைக் கொடுத்து ஆடியும் ஐந்தே வெற்றி.

நல்லது செய்ததையும் சொல்லிவிட வேண்டும். 2025 டிராஃப்டில் 2ஆவது இடத்தை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்து 5ஆவது இடமும், 36ஆவது இடமும், 2026இன் முதல் சுற்றும் வாங்கினார்கள். மேசன் கிரஹாம், கார்சன் ஷ்வெசிங்கர், குவின்ஷான் ஜட்கின்ஸ், ஹெரால்டு ஃபானின் என்று நாலு பேர் வந்தவுடனேயே ஆடினார்கள். இத்தனை வருடத்தில் விதைநெல்லைச் சேர்த்த முதல் செயல் அது.

இனி செய்ய வேண்டியது. வாட்சன் ஒப்பந்தத்தில் இன்னொரு காசைக்கூட நாளைக்குத் தள்ளக் கூடாது. முடிந்த அளவு 2026 கணக்கிலேயே விழுங்கி, மீதியை 2027இல் அடைத்துவிட வேண்டும். அந்த இரண்டு வருடமும் பெரிய விலைக்கு யாரையும் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். டிராஃப்டின் முதல் மூன்று சுற்றுகளில் டேக்கிள் இரண்டு பேர், உள்ளே ஆட ஒருவர் என்று மூன்று லைன்மேன்களாவது வர வேண்டும். அவர்களுக்கு லைன் பயிற்சியாளர் ஒருவரே மூன்று வருடம் இருக்க வேண்டும், கால் வைக்கும் முறையை வருடா வருடம் மாற்றினால் உடம்பு எதையும் நினைவில் வைக்காது. குவாட்டர்பேக்காக இருக்கிறவரையே முகாம் தொடங்கும் நாளில் அறிவித்து முதல் அணிப் பயிற்சி முழுவதையும் அவருக்குக் கொடுங்கள். தோற்றால் தோற்கட்டும். எதிர்கால முதல் சுற்று இடத்தை மட்டும் எந்தப் பெயருக்காகவும் கொடுக்காதீர்கள்.

ஜோ தாமஸ் இதே அணியின் இடது டேக்கிளாக 10,363 ஸ்னாப்களை (பந்து பின்னால் வந்து தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) தொடர்ந்து ஆடியவர், ஒன்றைக்கூட விடாமல். அவர் முதுகுக்குப் பின்னால் குவாட்டர்பேக்குகள் ஏறத்தாழ இருபது பேர் வந்து போனார்கள். ஒருவர் மட்டும் நின்றால் போதாது, மற்ற நாலு இடமும் வேண்டும் என்பதற்கு அவர் காலமே சாட்சி. அதனால் செப்டம்பரில் முதல் ஆட்டம் தொடங்கும்போது பந்தின் பின்னால் கண்ணை ஓட்டாதீர்கள். இடது ஓரத்தில் நிற்பவரின் முதல் மூன்று அடிகளைப் பாருங்கள், பக்கத்துக் கார்டு அவரைத் திரும்பிப் பார்க்காமலே ஆளைக் கைமாற்றுகிறாரா என்று பாருங்கள். முதல் கால்பகுதி முடிவதற்குள் இந்தப் பருவம் எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும்.