ஆசனவாய் அருகே வலிக்கும் கட்டியெல்லாம் மூலம் அல்ல

ஆசனவாய்க்கு அருகே வலியுடன் ஒரு கட்டி தோன்றினால், அது மூலம்தான் என்று தாமே முடிவு செய்து, மருந்துக் கடையில் ஒரு களிம்பை வாங்கித் தடவிக்கொண்டு நாள்களைக் கடத்துவது நம்மிடையே பரவலாக இருக்கிறது. அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில், இந்தப் பழக்கம் எத்தனை பேரைத் தேவையற்ற துன்பத்தில் தள்ளுகிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கூச்சத்துக்குரிய பொருள் என்று தெரிந்தும் அதனால்தான் எழுதுகிறேன். ஆசனவாயின் உள்ளே ஏறத்தாழ 2 சென்டிமீட்டருக்கு மேலே உள்ள சவ்வுக்கு, தோலுக்கு இருப்பதைப் போன்ற வலியுணர்வு கிடையாது. அங்கே உருவாகும் உள்மூலத்தில் ரத்தம் போகும், சதை வெளியே தள்ளும். ஆனால் தள்ளிய சதை இறுகிக்கொண்டால் ஒழிய, அது கடுமையாக வலிப்பதில்லை. ஆகவே வலி முன்னே வந்து நிற்கிறது என்றால் வேறு காரணங்களைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

அவற்றுள் ஒன்று, வெளிமூல ரத்தக் குழாயில் ரத்தம் உறைவது. முக்கி மலம் கழித்த பிறகோ, பெரும் பாரம் தூக்கிய பிறகோ, பிரசவத்துக்குப் பின்போ, நீலம் பாரித்த ஓர் உருண்டை திடீரெனப் புடைத்துக்கொண்டு வரும். முதல் இரண்டு மூன்று நாள்கள் உட்காரவே முடியாது. பிறகு வலி தானாகவே தணியத் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். முதல் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சென்றால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து உறைந்த கட்டியை நீக்கிவிட முடியும். அதற்குப் பிறகு வருபவர்களுக்கு வெந்நீரும் வலி மாத்திரையும் மலத்தை இளக்கும் மருந்துமே பெரும்பாலும் போதும்.

சீழ்க்கட்டியின் போக்கு இதற்கு நேர்மாறானது. அதில் வலி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். ஆசனவாயின் உட்சுவரில் இருக்கும் சிறு சுரப்பிகளில் ஒன்று அடைபட்டுக் கிருமி தொற்றும்போது சீழ் சேர்ந்து, தோலை நோக்கி வழி தேடி வருகிறது. தோல் சிவந்து, பளபளத்து, தொட்டால் கொதிக்கும், காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும். சிலருக்குச் சீழ் ஆழத்தில் இருப்பதால் வெளியே கட்டியே தெரியாமல் வலியும் காய்ச்சலும் மட்டும் இருப்பதுண்டு. “கட்டி பழுக்கட்டும், தானே உடையட்டும்” என்று வீட்டில் சொல்வதை இந்த இடத்தில் மட்டும் ஏற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சேர்ந்த சீழை வெளியேற்றாமல் மாத்திரை மட்டும் விழுங்குவதால் இது ஆறாது. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் சீழ் பக்கவாட்டில் பரவுகிறது.

சர்க்கரை நோய் உள்ள முதியவர் ஒருவர் ஒரு பக்கப் புட்டத்தில் மட்டும் சாய்ந்தபடி, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது. மூலம் என்று நம்பி மகனிடம்கூடச் சொல்லாமல் களிம்பு தடவி வந்திருக்கிறார். கீறியவுடன் தட்டு நிறையச் சீழ் வந்தது. நாற்றம் அறையை விட்டு நெடுநேரம் போகவில்லை. அன்றிரவே அவர் மல்லாந்து படுத்து உறங்கினார். அவர் தப்பித்தார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத மற்றவர்களுக்கு இதே தொற்று விதைப்பை வரை பரவித் தசையை அழுகச் செய்து உயிருக்கே ஆபத்தாவதையும் பார்த்திருக்கிறேன்.

சீழ்க்கட்டி வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கோ அதற்கும் மேலோ பின்னர் பௌத்திரம் ஏற்படுகிறது. அதாவது உள்ளிருந்து தோல் வரை ஒரு குழல் நிலைத்துவிடுகிறது. ஒரு சிறு பரு உடைந்து கசிந்து, மூடி, மறுபடி வீங்கி வலிப்பது அதன் அடையாளம். பிரான்சின் பதினான்காம் லூயி மன்னருக்கு 1686-இல் வந்த நோயும் இதுதான். மாதக்கணக்கில் பற்றும் மருந்தும் பயனளிக்காத பின், அந்த ஆண்டு நவம்பரில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு குணமடைந்தார். மன்னருக்கே வந்த நோயை நாம் ஏன் மறைக்க வேண்டும்? நம் நாட்டு மருத்துவத்தில் மருந்து பூசிய நூலைக் குழலுக்குள் செலுத்திக் கட்டும் க்ஷார சூத்திர முறை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதை அறுவைச் சிகிச்சையுடன் ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 1991-இல் வெளியானது. நூல் முறையில் ஆறுவதற்குக் கூடுதல் காலம் பிடித்தாலும் நோய் திரும்புவது குறைவு என்று அதில் தெரியவந்தது. முறையாகப் படித்தவர் செய்யும் அந்தச் சிகிச்சை வேறு. பேருந்து நிலையச் சுவர்களில் “ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசியில் மூலம், பௌத்திரம் குணம்” என்று விளம்பரம் செய்வோர் ஏற்றும் அரிக்கும் மருந்து வேறு. பின்னதால் ஆசனவாய் வெந்து சுருங்கி வந்தவர்களுக்கு நாங்கள் மாதக்கணக்கில் கட்டு மாற்றியிருக்கிறோம்.

மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டால் கிழிப்பதைப் போன்ற வலி எழுந்து, பிறகும் மணிக்கணக்கில் நீடித்தால், அது பெரும்பாலும் வெடிப்பு. நாள்பட்ட வெடிப்பின் ஓரத்தில் வளரும் சிறு தோல் மடிப்பைத்தான் பலரும் மூலம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். கட்டி இன்னும் மேலே, வால் எலும்புக்கு அருகிலுள்ள பிளவில் இருந்தால், முடி தோலுக்குள் புகுந்து உண்டாகும் குழிப்புண்ணாக இருக்கலாம். நெடுநேரம் உட்கார்ந்து வண்டி ஓட்டும் இளைஞர்களிடம் இது காணப்படுகிறது. கெட்டியாக, ஆறாமல், வாரக்கணக்கில் வளரும் கட்டியென்றால் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளாமல் விடவே கூடாது. அதற்கு மருத்துவர் விரலால் சோதித்துப் பார்க்க வேண்டும். பார்க்காமலேயே மூலத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்தால், சோதிக்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை.

பெண்கள்தான் மிகவும் தாமதமாக வருகிறார்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்றோ, சோதனையின்போது செவிலியர் உடன் இருக்க வேண்டும் என்றோ தயங்காமல் கேளுங்கள். மருத்துவரைப் பார்க்கும் வரை, அகலமான பேசினில் பொறுக்கும் சூட்டில் நீர் ஊற்றி நாளுக்கு இரண்டு மூன்று முறை பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரலாம். கட்டியைப் பிதுக்குவதும் ஊசியால் குத்துவதும் கூடாது. வலியுடன் காய்ச்சலோ குளிரோ வந்தால், சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், சிவப்பு பரவிக்கொண்டே போனால், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும்.