நேரம் போவது மேப்பினால் மட்டுமா?

நிரல்களின் வேகத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். "ஃபார் சுழற்சிதான் வேகம், மேப், ஃபில்டர் எல்லாம் அழகுக்கு" என்று கட்டுரையாளர் தீர்ப்பு எழுதிவிட்டார். ஃபார், உறுப்புகளை ஒவ்வொன்றாக நாமே சுற்றிவரும் வழி; மேப் ஒவ்வோர் உறுப்பையும் மாற்றித் தரும், ஃபில்டர் வேண்டியதை மட்டும் பொறுக்கும். பாதிதான் சரி. வலைப்பக்க மொழியான ஜாவாஸ்கிரிப்டில் ஃபில்டரை அடுத்து மேப் எழுதினால் நடுவில் ஓர் அணி (உறுப்புகளின் வரிசை) புதிதாக உருவாகிறது, உண்மை. ஆனால் சில நூறு உறுப்புகளுக்கு அந்தச் செலவு கண்ணில் படவே படாது.

நான் அடிபட்ட இடம் வேறு. உறுப்புகளை ஒவ்வொன்றாகத் திரட்டி ஒரே விடையாக்கும் ரெடியூஸுக்குள் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று புள்ளி (...) போட்டுப் பழைய அணியை விரித்து, அதாவது முழுதும் நகலெடுத்து, கடைசியில் ஓர் உறுப்பைச் சேர்த்து, புது அணியாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். பார்க்க ஒரே வரி, படு நேர்த்தி! 20,000 உறுப்புகள் என்றால் ஏறத்தாழ 20 கோடி நகலெடுப்புகள் என்று பிறகுதான் கணக்குப் போட்டேன். இருக்கும் அணியிலேயே உறுப்பைச் சேர்க்கும் புஷ் என்று மாற்றியதும் பக்கம் சட்டென்று திறந்தது. குற்றவாளி ரெடியூஸ் அல்ல, நான்தான்.

மொழிக்கு மொழி கதையும் மாறுகிறது. 2014-இல் ஜாவா மொழியின் 8-ஆம் பதிப்பு கொண்டுவந்த, உறுப்புகளை ஒவ்வொன்றாக ஓடவிடும் ஸ்ட்ரீமில் ஃபில்டரும் மேப்பும் இடைப்பட்டியல் கட்டுவதில்லை. ஆனால் முழு எண்களுக்கென்றே உள்ள இன்ட்ஸ்ட்ரீமை மறந்தால் ஒவ்வோர் எண்ணையும் ஒரு பொருளுக்குள் பொதிவதிலேயே நேரம் கரைகிறது. ரஸ்ட் மொழியில் உகப்பாக்கத்தோடு (நிரலை வேகத்துக்காகச் செம்மைப்படுத்தி) தொகுத்தால் ஃபார், மேப் என்ற இரண்டு பாணிக்கும் பெரும்பாலும் வேக வித்தியாசமே தெரியாது.

ஜாவாஸ்கிரிப்டில், தேடும் உறுப்பு முதலில் கிடைத்த இடத்திலேயே நிற்க ஃபைண்ட் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அணி முழுவதையும் ஃபில்டர் செய்து பூஜ்யமாவது (அதாவது முதல்) உறுப்பை எடுக்கிறார்களே, அவர்களைப் பற்றிக் கட்டுரையாளர் நாலு வரி எழுதியிருக்கலாம்.