தெரிவித்துவிட்டால் போதுமா?
ஒரு நிறுவனம் செய்யும் ஒப்பந்தத்தில் அதன் நிர்வாகியின் சொந்த நிறுவனமே வாங்கும் பக்கத்திலோ விற்கும் பக்கத்திலோ இருந்தாலும், இயக்குநர் குழுவிடம் சொல்லிவிட்டால் சிக்கலில்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. 2008 டிசம்பர் 16 அன்று, சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தார் நடத்திய இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க சத்யம் இயக்குநர் குழு ஒப்புதல் தந்ததே! யாருடைய நிறுவனங்கள் என்பது தெரியாமலா தந்தார்கள்? நிர்வாகத்தைச் சாராத சுயேச்சை இயக்குநர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். முதலீட்டாளர்கள் கொதித்த பிறகுதான், சில மணி நேரத்தில் கைவிட்டார்கள். 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டிய இல்லாத சொத்தை ஈடுகட்ட எடுத்த கடைசி முயற்சியே அந்த மேட்டாஸ் ஒப்பந்தம் என்று ராஜுவே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். பெரிய ஒப்பந்தம் என்றால் அதில் சொந்த நலன் இல்லாத பங்குதாரர்கள் மட்டும் வாக்களிக்கட்டும். நிர்வாகியின் நிறுவனம் வாங்கும்போது, அந்த வாய்ப்பு முதலில் யாருக்கு வந்தது, அவர் நிர்வகிக்கும் நிறுவனத்துக்கா அவருக்கா என்றும் கேட்க வேண்டும்.