ஆங்கில வாத்தியார் வேலைக்குப் பாஸ்போர்ட் பார்ப்பது அநியாயம்

டெல்லியில் நம் பிள்ளைகள் சிலர் கொஞ்ச நாளாக என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "அக்கா, கொரியாவுக்கோ வியட்நாமுக்கோ இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போக முடியுமா? நம்மை எடுப்பார்களா?" ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் வளர்ந்தவர்கள். எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில வழிக் கல்வி, எம்.ஏ., பி.எட். எல்லாம் இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் 'ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் மட்டும்' என்ற வரியைப் பார்த்ததும் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அந்த வரிக்கு நடைமுறையில் பாஸ்போர்ட் என்றுதான் பொருள். மொழி ஆசிரியர்களுக்குக் கொடுக்கிற கொரியாவின் ஈ-2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என்ற 7 நாட்டவருக்குத்தான். அந்த நாட்டவர் எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும், வகுப்பறையே பார்க்காதவராக இருந்தாலும், தனியார் ஆங்கிலப் பயிற்சி மையத்தில் சேரலாம். பல வருடம் பாடம் எடுத்த டெல்லி ஆசிரியைக்கு அந்தக் கதவு திறக்காது. எனக்கு இது கோபம் வரவைக்கிற விஷயம்.

ஏனென்றால், கொரியப் பிள்ளையும் ஜப்பானியப் பிள்ளையும் ஆங்கிலத்தில் எங்கே தடுமாறுவார்கள் என்பது தமிழருக்குச் சொல்லாமலே தெரியும். அந்த இரண்டு மொழிகளிலும் நம் தமிழ் மாதிரியே வினைச்சொல் கடைசியில் வரும். 'இல்', 'க்கு' போன்றவை பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வருகிற 'ஏ', 'தி' இரண்டுக்கும் அங்கேயும் இடமில்லை, இங்கேயும் இல்லை. கொரிய மொழியில் 'ஃப' ஒலி கிடையாது. அதை 'ப' என்று சொல்லிவிட்டுத் திருத்திக்கொண்ட தலைமுறை நம் வீடுகளிலேயே இருக்கிறது. 'தி எங்கே போடணும், எங்கே போடக்கூடாது' என்று திணறிக் கற்றவர்தான் அதைப் படிப்படியாக விளக்க முடியும். பிறந்ததிலிருந்து அதையே பேசியவருக்குக் காது சொல்லும், காரணம் சொல்லத் தெரியாது.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. கதவு முழுக்க மூடியிருக்கவில்லை. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியா - கொரியா பொருளாதார ஒப்பந்தத்தில், பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்கள் அங்குள்ள பள்ளிகளில் துணை ஆசிரியராகச் சேர இடம் தரப்பட்டது. தனியார் மையங்கள் அதில் சேராது. 2011-இல் ஜப்பானுடன் போட்ட ஒப்பந்தத்தில் யோகா, சமையல், இசை, நடனம் கற்பிப்பவர்களோடு ஆங்கிலம் கற்பிப்பவர்களையும் சேர்த்தார்கள். இரண்டுமே நம் அரசு பேரம் பேசி வாங்கியவை. சரி, வாங்கிய பிறகு அதை எந்த பி.எட். கல்லூரியிலாவது மாணவர்களிடம் சொல்கிறார்களா? நான் கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இனிப் போடப்போகும் வணிக ஒப்பந்தங்களிலும் மென்பொருள்காரர்களுக்கு இடம் கேட்கிற அதே அழுத்தத்தோடு ஆசிரியர்களுக்கும் கேட்க வேண்டும்.

கொரியா, ஜப்பானோடு உலகம் முடிந்துவிடவும் இல்லை. எத்தியோப்பியாவில் பேரரசர் ஹெய்லி செலாசி காலத்திலிருந்தே இந்திய ஆசிரியர்கள் பாடம் எடுத்திருக்கிறார்கள். மாலத்தீவுப் பள்ளிகளில் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் இல்லாத காலம் குறைவு. தாய்லாந்தில் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள், அவர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அங்கே டோயிக் மாதிரி ஓர் ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண் கேட்பார்கள். வியட்நாமில் பட்டமும், டெசால் அல்லது செல்டா போன்ற, ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சிச் சான்றும், காவல்துறைச் சான்றும் கேட்பார்கள். செல்டாவில் உண்மையான மாணவர்களுக்கு 6 மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். முடிந்தால் அதையே எடுங்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். 'டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்' என்று சொன்னால் அத்தோடு எழுந்து வந்துவிடுங்கள். பிடிபட்டால் அபராதம் கட்டுவதும் திருப்பி அனுப்பப்படுவதும் நீங்கள்தான், ஏஜென்ட் இல்லை. வெளிநாட்டில் காட்டுகிற பட்டம் உண்மையானது என்று அரசு சான்றொப்பம் தர வேண்டும். முதல் சான்றொப்பம் பொதுவாக பட்டத்தைக் கொடுத்த மாநிலத்தில் வாங்க வேண்டும், அதன் பிறகுதான் வெளியுறவு அமைச்சகம். தமிழ்நாட்டில் படித்துவிட்டு டெல்லியில் இருப்பவர்களுக்கு இதிலேயே வாரக்கணக்கில் போய்விடும், ஆகவே வேலை கிடைக்கும்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்குங்கள். கொரியா, ஜப்பான் தூதரகங்கள் இரண்டும் சாணக்யபுரியில்தான் இருக்கின்றன. விசா விதியை ஏஜென்டிடம் கேட்காதீர்கள், அங்கே கேளுங்கள்.